உறையும் திணையும்
இசைத்தட்டு உறைகளில் அரூப ஒளிப்படக் கலை – ஒரு நோக்கு

இசைத்தட்டின் உறை இசையைச் சார்ந்ததா, விற்பனைப் பொதியைச் சார்ந்ததா என்னும் வினா எமது திறனாய்வு உலகில் அதிகம் எழுப்பப்பட்டதன்று. பாடலின் சாகித்தியம் பற்றியும் இராகம் பற்றியும் பாடியவரின் குரல்வளம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியோர் உண்டு. ஆயின், அவ்விசை எத்தகைய முகத்துடன் எமது கைக்கு வந்து சேர்ந்தது என்பதை ஆராயப் புகுந்தோர் மிகச் சிலரே. பிரித்தெடுத்தபின் ஒதுக்கிவிடும் காகிதம் என்றே உறை கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், கேட்போன் முதலிற் கேட்பது உறையைத்தான் என்று கூறினும் மிகையாகாது. ஊசி தட்டிலே படுமுன்னரே அவன் மனம் ஒரு சுருதிக்கு ஏற்றப்பட்டு விடுகின்றது. அவ்வாறு ஏற்றும் வழிகளுள் ஒன்றான, ஒளிப்படத்தின் பரப்புத் தன்மைகளை மாற்றியமைத்து உருவாக்கப்படும் அரூப உறைகளைப் பற்றியும், அவை எம் போன்ற நிலத்தவர்க்கு எழுப்பும் ஒரு பொறுப்பைப் பற்றியும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககாலத் தட்டுகள் வெறும் மண்ணிறக் காகித உறைகளிலேயே விற்கப்பட்டன. நீண்ட இசையைப் பல தட்டுகளாகப் பிரித்து, அவற்றைப் படத்தொகுப்பேடு போலக் கட்டி விற்றமையாலேயே ‘அல்பம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அமெரிக்காவிலே கொலம்பியா நிறுவனத்தின் கலை இயக்குநராக அமர்ந்த அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்பார் 1940ஆம் ஆண்டளவில் அவ்வட்டைகளின் மேல் ஓவியம் தீட்டி அச்சிடும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். 1948ஆம் ஆண்டில் அதே நிறுவனம் நெடுநேரம் ஒலிக்கும் தட்டை வெளியிட்டது. 12 அங்குலச் சதுரம் என்னும் நிலையான ஒரு வெளி இதனால் ஓவியனுக்கும் ஒளிப்படக் கலைஞனுக்கும் கிடைத்தது. சித்திரக்கூடத்தின் வாயிலை ஒருபோதும் மிதியாத மக்களின் வீட்டுக்குள்ளும் நவீன ஓவியம் நுழைந்தமைக்கு இச்சதுரம் ஒரு வழியாயிற்று.

அரூபம் இவ்வெளியிலே இரு வழிகளால் வந்தது. முதலாவது ஓவியன் வழி. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த டேவ் புரூபெக்கின் ‘ரைம் அவுட்’ என்னும் தட்டுக்கு நீல் ஃபுஜிற்றா தீட்டிய ஓவியமும், அதே காலத்திற் கொமாண்ட் நிறுவனத்தின் தட்டுகளுக்கு ஜோசப் அல்பேர்ஸ் அமைத்த புள்ளிகளும் சதுரங்களும் இவ்வகையின. இவை கலைஞனின் உள்ளத்திலே பிறந்து தாளிலே இறங்கியவை. புற உலகில் எப்பொருளுக்கும் கடன்பட்டவையல்ல. இரண்டாவது ஒளிப்பட வழி. இதன் இயல்பு முற்றிலும் வேறானது. ஒளிப்படம் எவ்வளவுதான் உருக்குலைக்கப்பட்டாலும், ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு கணத்தில், ஏதோ ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்பிய ஒளியின் சுவடு அது. ஓவியனின் அரூபம் இன்மையிலிருந்து தோன்றுகின்றது; ஒளிப்படக் கலைஞனின் அரூபமோ உண்மையிலிருந்து கழிக்கப்படுகின்றது. எதைக் கழித்தான், எதை எஞ்சவிட்டான் என்பதே அவனது கலையை அளக்கும் கோலாகும். பின்னர் கூறப்போவன யாவற்றுக்கும் இவ்வேறுபாடே அடிப்படை.

இக்கழித்தல் எவ்வாறு நிகழ்கின்றது? பொருளை மிக அணுகிப் படம்பிடிப்பது ஒரு முறை. மரப்பட்டையோ துருவேறிய தகடோ அளவின் நினைவை இழந்து, மலைத்தொடராகவும் கடலாகவும் தோற்றந்தரும். இரு எதிர்ப்படிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிடுவது மற்றொரு முறை. இலண்டனில் ஸ்ரோம் தோர்கேர்சனும் ஓப்ரி பவலும் நடத்திய ஹிப்னோசிஸ் என்னும் குழுவினர், பிங் ஃபுளொய்ட் குழுவின் ‘மெடில்’ (1971) தட்டுக்கு, ஒரு காதின் படத்தின்மேல் நீரலைகளின் படத்தை ஏற்றினர். உற்று நோக்கினாலன்றி அது காது என்பது புலப்படாது. ஒலியின் அலையும் நீரின் அலையும் ஒன்றாகிவிடுகின்றன. படத்தின் பூச்சினையே தாக்குவது மூன்றாம் முறை. பீற்றர் கேப்ரியலின் 1980ஆம் ஆண்டுத் தட்டுக்குப் பொலரொயிட் உடனடிப் படமொன்றின் சாயம் இறுகுமுன்னர் அதனை அழுத்தித் தேய்த்து, முகத்தின் ஒரு பாதியை மெழுகென உருகச் செய்தனர். 1980ஆம் ஆண்டில் தொடங்கிய 4ஏடி என்னும் நிறுவனத்துக்காக வோன் ஒலிவரும் நைஜல் கிரியேர்சனும் ‘23 என்வலப்’ என்ற பெயரிற் சேர்ந்து உருவாக்கிய உறைகளில் இம்முறை முதிர்ச்சி எய்தியது எனலாம். நீர், துணி, சாயம், மங்கல் என்பவற்றாலான அவ்வுறைகளைப் பார்த்தோர்க்கு, இன்னதென்று சொல்லவியலாத பொருளொன்றைத் தொட்டுப் பார்த்த உணர்ச்சியே மிஞ்சுகின்றது.

இவை யாவும் மேலைநாட்டுப் புதுமைகள், எமக்கு அயலானவை என்று ஒதுக்குவோர் ஈழத்தின் சொந்த வரலாற்றை மறந்தவராவர். கொழும்பிலே வாழ்ந்த லயனல் வென்ற் (1900–1944) ஒளிப்படக் கலைஞர் மட்டுமல்லர். இலண்டனில் முறையாகப் பயின்ற பியானோ வித்துவானும் ஆவார். 1943ஆம் ஆண்டில் உருவாகி ‘43 குழு’ எனப் பெயர்பெற்ற நவீன ஓவியர் அணியின் ஊற்றுக்கண்களுள் அவரும் ஒருவர். ‘சோங் ஒஃப் சிலோன்’ (1934) என்னும் ஆவணப்படத்தின் பின்னணிக் குரலும் அவருடையதே. இருட்டறையிற் படத்தைக் கழுவும் வேளையில் இடைநடுவே ஒளியைக் காட்டி, ஒளியும் நிழலும் பகுதியளவில் இடம்மாறவும், உருக்களின் விளிம்பிற் கோடொன்று எழவும் செய்யும் முறையை அவர் கையாண்டார். பல படங்களை ஒன்றிணைத்து ஒரு படமாக்கும் முறையையும் கையாண்டார். அவர் இசைத்தட்டு உறை எதனையும் அமைத்தவரல்லர். எனினும், இசையறிந்த ஒருவரின் விரல்கள் ஒளிப்படத்தின் பரப்பைத் தொட்டால் என்ன நிகழும் என்பதற்கு எமது தீவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அவர் மறைந்தபின் அவரது எதிர்ப்படிவங்கள் அழிக்கப்பட்டமை எமது கலைவரலாற்றின் பேரிழப்புகளுள் ஒன்று.

தமிழிசையுடன் இவ்வழி நேரே தொடர்புற்ற இடமும் ஒன்றுண்டு. ஜேர்மனியின் மியூனிக் நகரில் 1969ஆம் ஆண்டில் மன்பிரெட் ஐக்கர் தொடங்கிய ஈ.சி.எம். நிறுவனம், கலைஞரின் முகத்தைப் பெரும்பாலும் தவிர்த்து, வானம், நீர், மங்கிய நிலம், வெற்று வெளி ஆகியவற்றின் படங்களையே உறையில் இடும் வழக்கமுடையது. இந்நிறுவனமே 1981ஆம் ஆண்டில் வயலின் கலைஞர் எல். சங்கரின் ‘ஹூஸ் ரு நோ’ என்னும் கர்நாடக இசைத்தட்டை வெளியிட்டது. அதில் மிருதங்கம் வாசித்தவர் உமையாள்புரம் சிவராமன். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் தமிழகம் திரும்பியது. யாழ்ப்பாணத்து வீடொன்றில் தளிர்த்த வயலின், முகமற்ற உறைகளின் வரிசையிலே சென்று சேர்ந்தமை சிந்தனைக்குரியது. அவ்வரிசையில் இடம்பெறும் தமிழிசை ‘கீழைநாட்டு விநோதம்’ என்னும் சிறப்புக் கூண்டில் அடைபடாமல், நோர்வே நாட்டவரின் சாக்சபோனுக்கும் அமெரிக்கரின் பியானோவுக்கும் நிகரான இசையாக நிற்கின்றது. முகத்தை நீக்கியமை இவ்விடத்தில் ஒருவகைச் சமத்துவத்தை அளித்தது. ஆயின், அதே நீக்கம் இன்னொன்றையும் செய்தது. யாழ்ப்பாணமும் சென்னையும் அவ்வெளிர்ந்த ஐரோப்பிய வானத்தின் கீழே கரைந்து போயின. பெற்றது எது, இழந்தது எது என்ற கேள்வி இங்கேயே முளைக்கின்றது.

எமது சந்தையிலோ நிலைமை நேர்மாறானது. கர்நாடக இசைத்தட்டுகளின் உறையில் வித்துவான் தம் வாத்தியத்துடன் அமர்ந்திருப்பார். திரைப்பட இசைத்தட்டுகளின் உறையில் நாயகனும் நாயகியும் நிற்பர். இதனை இரசனைக் குறைவு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. திரைப்படமே இசையைச் சுமந்து சென்ற சமூகத்தில், முகமே பொருளின் முத்திரையாயிற்று. கடைக்காரனும் வாங்குவோனும் முகத்தாலேயே பாடலை இனங்கண்டனர். பின்னர் கசற் வந்தபோது சதுரம் சிறு செவ்வகமாகச் சுருங்கியது. எமது பட்டினங்களில் ‘ரெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகளிற் பாடல் வரிசையை எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்து பெற்ற நாடாக்களுக்கு உறை என்று சொல்லத்தக்கது கையெழுத்து நிறைந்த கோடிட்ட அட்டை ஒன்றே. இத்தகைய சூழலில் அரூப உறைக்கான தேவை எழாமை வியப்பன்று. சொல்லின் துணையும் கதையின் துணையும் இன்றித் தனித்து நிற்க முயலும் இசைக்கே அத்தேவை எழும். இளையராஜா தமது 1986ஆம் ஆண்டு வாத்திய இசைத் தொகுப்புக்கு ‘ஹவ் ரு நேம் இற்’ என்று வினாவையே பெயராக இட்டார். பெயரிடல் அரிதான இசைக்கு முகமிடலும் அரிதன்றோ?

இனி அடிப்படையான வினாவுக்கு வருவோம். முகமும் பெயரும் இல்லாத, மேற்பரப்பு மட்டுமேயான படம் உணர்ச்சியைத் தாங்குமா? தாங்கும் என்பதற்கு நாம் மேலைத்தேயச் சான்றுகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. அகத்திணை மரபே இதற்கு விடையளிக்கின்றது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளாகிய புள்ளும் மரமும் நீரும், தம்மளவிலேயே உரிப்பொருளைச் சுமக்கும் என்பது தொல்காப்பிய மரபு. தாழையும் உப்பங்கழியும் கூறப்பட்டமாத்திரத்தில் இரங்கல் உணர்ச்சி எழுகின்றது; அழுகின்றவளின் முகத்தை வருணித்தல் வேண்டா. தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்ற விதியும் அம்மரபினதே. எனவே, முகத்தையும் பெயரையும் நீக்கிய கலை தமிழனுக்குப் புதியதன்று.

ஆயின் அவ்விதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். அகமரபு ஆளின் பெயரை நீக்கியது, நிலத்தை நீக்கவில்லை. பெயரற்ற தலைவி இருக்கலாம். திணையற்ற தலைவி இருத்தல் இயலாது. நெய்தலின் மணலைக் குறிஞ்சியில் இட்டால், அதற்கும் ஒரு காரணம் வேண்டும். அதனைத் திணைமயக்கம் என்று பெயரிட்டே மரபு ஏற்றுக்கொண்டது. ஒளிப்பட அரூபத்துக்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது எமது கருத்து. உருவைக் கழிக்கலாம், முகத்தைக் கழிக்கலாம், எந்தப் பொருள் என்ற அறிவையும் கழிக்கலாம். திணையைக் கழித்தால் எஞ்சுவது அலங்காரமேயாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய நடைமுறையை நோக்கின் குறைகள் தெளிவாகின்றன. கணினியின் வரவுக்குப்பின் இருட்டறையின் வேலை யாவும் மேசையின்மீதே நிகழ்கின்றது. படங்களை அடுக்குகளாக ஏற்றி, ஒன்றினூடே ஒன்றைத் தெரியச்செய்து, நிறத்தை மாற்றி, பரலைக் கூட்டிச் சில நிமிடங்களில் ஓர் உறையை ஆக்கிவிடலாம். இவ்வெளிமை வரவேற்கத்தக்கதே, இருட்டறை கட்டும் வசதியற்ற மாணவனுக்கும் அக்கலை கைவந்துள்ளது. ஆனால் ‘துரு’, ‘வெடித்த சுவர்’, ‘கீறல்’, ‘கறை’ என்று பெயரிடப்பட்டு ஆயத்தமாக விற்கப்படும் பரப்புப் படங்களே அவ்வடுக்குகளில் இடம்பெறுகின்றன. எவ்வூர்ச் சுவரோ, எக்கப்பலின் துருவோ என்பதை அமைத்தவனும் அறியான். ஒரே வெடிப்பு மெல்லிசைத் தொகுப்பொன்றின் உறையிலும் வரலாம். பறையிசைத் தொகுப்பொன்றின் உறையிலும் வரலாம். சுவடு என்னும் இயல்பே ஒளிப்படத்தின் உயிர் எனில், யாருடைய சுவடு என்றறியாத படம் உயிரற்றதாகும். அதைவிட அல்பேர்ஸின் வெறும் புள்ளிகள் நேர்மையானவை.

அளவு பற்றிய குறையும் உண்டு. இணையவழி இசை விநியோகத்துக்கு 3000 புள்ளிக்கு 3000 புள்ளி என்ற அளவிற் படம் ஆக்கப்படுகின்றது. கேட்போனோ அதைக் கைத்தொலைபேசியில் முத்திரை அளவிலேயே காண்கின்றான். பரப்பின் நுண்மை என்பது கண்ணாற் தொடும் அனுபவம். முத்திரை அளவிலே அது வெறும் நிறத்திட்டாகி விடுகின்றது. 12 அங்குலத்துக்குப் பிறந்த கலையை விரல்நகத்தின் அளவுக்குக் கொணரும்போது, வலுவான ஒற்றை வடிவம் ஒன்றின்றிப் பரப்புத் தன்மை மட்டும் நின்று பிடியாது. இவ்வுண்மையை உணர்ந்தோர் சிலரே.

மேற்கூறிய அளவுகோலை நிறைவுசெய்த தமிழ்ப்பெயர் ஒன்றைச் சுட்டலாம். யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து, 1986ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.), பாடகியாக அறியப்படுமுன்னர் ஓவியராகவே அறியப்பட்டவர், இலாஸ்ரிக்கா குழுவின் ‘த மெனஸ்’ (2000) தட்டுக்கு உறை அமைத்தவர். அவரது ‘மாயா’ (2010) தொகுப்பின் உறையில், யூரியூப் காணொளிகளின் ஓட்டத்தைக் காட்டும் பட்டைகள் அடுக்கடுக்காக முகத்தை மறைக்கின்றன, கண்களே எஞ்சுகின்றன. இங்கு மேற்பரப்பாக வந்திருப்பது துருவுமன்று, சுவருமன்று. கணினித் திரையின் தோலே. புலம்பெயர்ந்த தமிழர் ஊரையும் உறவையும் போரையும் கண்டது அத்திரையூடாகவே என்பதால், திரையே அவர்களது நிலமாயிற்று. அழகு குன்றிய உறை என்று இதனைக் கூறுவோர் கூறலாம். திணை குன்றிய உறை என்று கூறுதல் இயலாது.

இவ்வளவுகோல் எமது மண்ணுக்கு வரும்போதுதான் மிகக் கூர்மையடைகின்றது. மூதூருக்குத் தெற்கே, மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலைச் சேரும் பகுதியை அடுத்துள்ளது ஈச்சிலம்பற்று. உல்லைக்கழியின் உலர்ந்த சேற்றுவெடிப்பு, இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் உப்புநீரும் மணலில் வரையும் கோடுகள், காய்ந்த வலையின் முடிச்சு, தோணியின் அடிப்பலகை, வெருகல் முருகன் திருவிழாவிற் பல்லாயிரம் கால்கள் மிதித்த மணல் என்று இங்கே பரப்புகளுக்குக் குறைவில்லை. எமது பகுதியின் கூத்துப் பாடல்களையோ கும்மியையோ உடுக்கொலியையோ எவரேனும் தொகுத்து வெளியிட முன்வரின், ஆயத்தப் படங்களைத் தேடிச் செல்லவேண்டிய தேவை சிறிதுமில்லை.

ஆனால் இதே மண்ணில் வேறு பரப்புகளும் உள. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006ஆம் ஆண்டின் போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். 2007ஆம் ஆண்டிலேயே மீளக் குடியேறத் தொடங்கினர். சன்னம் பாய்ந்த சுவரும், கூரையிழந்த வீட்டின் கரியும், உப்புநீர் புகுந்த கலியாணப் படமும் எமது தலைமுறைக்குப் பழக்கமான பரப்புகள். உப்புநீர் தின்ற வண்ணப்படத்தில் ஊதாவும் மஞ்சளும் செம்மையும் கலந்தோடி, எந்த ஓவியனாலும் ஆக்கவியலாத அரூபம் ஒன்று தோன்றுகின்றது. அது அழகானது என்பதை மறுப்பது பொய்ம்மையாகும். அவ்வழகை வெட்டியெடுத்து ஓர் உறையில் இடுவதற்கு நமக்கு உரிமை உண்டா என்பதே வினா. சன்னத்துளையை அணுகிப் படம்பிடித்து நிறத்தை மாற்றினால், அது நிலவின் குழிபோலத் தோன்றும். அத்தோற்றத்தினாலேயே துளையின் காரணம் மறைந்துவிடும். இங்கே அரூபம் கலையாக அன்றி மறதியாகவே தொழிற்படுகின்றது.

இதற்கு விலக்கே ஒரே விடை என்று நாம் கூறவில்லை. யப்பானில் 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், மியாகி மாநிலத்து யமமோட்டோ என்னும் ஊரிற் சிதறிக்கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கிக் கழுவி, உலர்த்தி, பிரதிசெய்து, உரியவர்களைத் தேடிக் கையளித்தனர். முகம் அழிந்து உரியவரைக் காணவியலாத நிலையில் எஞ்சிய படங்களே, ஒளிப்படக் கலைஞர் முனெமசா தகஹஷியின் முயற்சியால் ‘லொஸ்ற் அன்ட் ஃபவுண்ட்’ என்ற பெயரிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்படங்களும் அரூபங்களே, நிறக்கறையாக உருகியவையே. எனினும், இன்ன ஊரின் படங்கள், இன்ன நாளின் நீர் என்பது மறைக்கப்படவில்லை. முதலிற் கையளித்தல், பின்னரே காட்சி என்னும் இவ்வொழுங்கு கவனிக்கத்தக்கது. எமது நாட்டிலே, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘த இன்கம்பிளீற் தோம்பு’ (2011) என்னும் நூலும் இவ்வழியதே. இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களை அது காணித் தோம்பு போலத் தொகுத்தது. கோடுகளாகச் சுருங்கிய வீடுகள் அவை. ஆயினும் ஒவ்வொரு கோடும் ஒருவரது வீட்டின் கோடாகவே நிற்கின்றது.

உருவவாதம் என்று கூறி அரூபத்தையே புறக்கணிப்போர் ஒருபுறமும், அழகுக்கு விளக்கம் வேண்டா என்று கூறி எதையும் எடுத்தாள்வோர் மறுபுறமுமாக இருக்கின்றனர். முன்னவர், இராக ஆலாபனையிற் சொல் இல்லாமையால் அது பொருளற்றது என்பரோ? பின்னவர், ஆலாபனை எந்த இராகத்தினது என்று அறியாமலே பாடலாம் என்பரோ? சொல்லின்றிப் பாடலாம், சுருதியின்றிப் பாடுதல் கூடாது. ஒளிப்பட அரூபத்தின் சுருதி அது பிறந்த நிலமே.

ஆகவே, நாளை எமது மாணவருள் ஒருவர் இம்மண்ணின் இசைக்கு உறை அமைக்கப் புகுவாராயின், அவர் எதை வேண்டுமாயினும் மங்கச் செய்யட்டும், கீறட்டும், உருக்கட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கட்டும். ஆனால் உறையின் பின்புறத்தில், இசைத்தோர் பெயருக்கும் பதிந்தோர் பெயருக்கும் கீழே, அப்பரப்பு எவ்வூரில் எந்த ஆண்டில் எப்பொருளிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதட்டும். அப்பொருள் ஒருவருக்கு உரியதாயின், எடுக்குமுன்னர் அவரது இசைவைப் பெறட்டும். முன்புறத்தின் அரூபம் இதனால் எவ்வகையிலும் குறைவுறாது. பார்ப்போன் முதலில் நிறத்தைக் காண்பான். பின்னர் புரட்டிப் படிப்பான். மீண்டும் முன்புறத்தை நோக்கும்போது அதே கறை ஊராகவும் ஆண்டாகவும் விரியும். ஆளின் பெயரை மறைத்தும் நிலத்தை மறையாத மரபொன்றின் வழித்தோன்றல்களாகிய நாம் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.